கேள்விக்கு அடியில்

லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் 'கீழே பார்'. பதிலே வரவில்லையே என்று யார் கேட்டாலும், கீழே பாருங்க என்பார்.

கேள்விக்கு அடியில்தான் பதில் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். வந்த மெயிலை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு வரி எழுதுவார். உச்சியில் அவருடைய கையொப்பம் மட்டும் பெயர், பதவி, நன்றி வணக்கம் என்று ஜம்மென்று நிற்கும். எதிர் மேசைக்காரி நான் எத்தனையோ தடவை சொன்னேன், பதிலை மேலே போடுங்கள், போனில் படிக்கிறவர்கள் பாவம் என்று.

"கேள்விக்கு முன்னால பதில் சொல்ற ஊரு எங்கம்மா இருக்கு?" என்றார். அவரிடம் வாய்கொடுத்து ஜெயிக்க முடியாது.

அவர் தங்கையின் கணவரும் எங்களிடம்தான் மெக்கானிக். வேலைக்குப் போன கட்டடத்திலிருந்து ஒருநாள் மெயிலில் கேட்டார்: புது பிரேக் எப்போது வரும், அதுவரை பழையதை வைத்தே ஓட்டலாமா? முதல் கேள்விக்கு அடியில் 'வியாழக்கிழமை', இரண்டாவதற்கு அடியில் 'கூடவே கூடாது' என்று எழுதி உடனே அனுப்பினார் இவர். மாப்பிள்ளையின் போனில் பழைய மெயில் முழுவதும், இவர் பதிலோடு சேர்த்து, மூன்று புள்ளிக்குள் சுருண்டுகொண்டது; அதைத் தட்டினால்தான் விரியும். தெரிந்தது கையொப்பம் மட்டும். மச்சான் பார்த்துவிட்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்படியானால் சரிதான் என்று அவர் லிஃப்டை ஓட்டினார். அது நிற்காமல் இறங்கியது. மாப்பிள்ளையின் இடது கால் நசுங்கிவிட்டது.

விசாரணையில், கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார் என்று இவரை விட்டுவிட்டார்கள். தங்கை விடவில்லை.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணா" என்றாள், ஆஸ்பத்திரி வராந்தாவில். அதோடு பேச்சு நின்றது. போனை எடுக்கவில்லை, வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கவில்லை. மனுஷன் பாதியாகிப்போனார். பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமாகவும் வந்தது. தலைபாடாய் அடித்துக்கொண்டேனே!

கடைசியில் தங்கைக்கு ஒரு மெயில் போட்டார். மூன்றே கேள்விகள். பல வாரம் கழித்துப் பதில் வந்தது. போனில் திறந்தவர் அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஒண்ணுமே எழுதலம்மா" என்றார்.

நான் எழுந்து போய் அந்த மூன்று புள்ளியைத் தட்டினேன்.

'மாப்பிள்ளை கால் எப்படி இருக்கு?' அதற்கு அடியில்: 'கோல் ஊன்றி நடக்கிறார்.'

'நான் வந்து பார்க்கலாமா?' அடியில்: 'ஞாயிற்றுக்கிழமை வா.'

'என்னை மன்னிப்பியா?' அடியில் ஒன்றும் இல்லை. அவர் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே பார்த்தார். மெயில் அங்கேயே முடிந்திருந்தது.

பிறகு பதில் எழுதினார். கையொப்பத்தை அழித்தார். கேள்விகளையும் அழித்தார். 'வரேன்' என்ற ஒரு சொல்லை மட்டும் உச்சியில் வைத்து அனுப்பினார்.