கோல்டு ரூம் கதவு

பீளமேட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றில் பராமரிப்பு என் பொறுப்பு. மாவு வாங்கும் பெரிய கடைக்காரர்கள் திடீரென்று கார்பன் கணக்குக் கேட்டார்கள். ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு புகை என்று எழுதித் தர வேண்டும், வருஷா வருஷம் குறைத்தும் காட்ட வேண்டும். இல்லையென்றால் சரக்கு வேண்டாம். முதலாளி என்னைப் பார்த்தார். கூரையில் சோலார் போட்டோம், வேன்கள் கிளம்பும் நேரத்தை மாற்றினோம். குளிரூட்டும் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டியே எனக்கு முதுகு போயிற்று. மின்சாரச் செலவு மட்டும் அசையவில்லை.

காரணம் கோல்டு ரூம் கதவு, மாவுப் பாக்கெட்டுகளை அடுக்கி வைக்கும் குளிர் அறையின் கதவு. எப்போது போனாலும் திறந்தே கிடக்கும், இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் டிரே செருகியிருக்கும். குளிரெல்லாம் வெளியே போக, கம்ப்ரசர் மூச்சுவிடாமல் ஓடும். டிரேயை எடுத்துவிட்டுச் சாத்துவேன். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் டிரே. நோட்டீஸ் ஒட்டினேன். எல்லோரையும் கூட்டி, பூமி சூடாவதைப் பற்றிப் பேசினேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். இங்கே யாருக்கும் அக்கறையில்லை, நான் ஒருத்தன்தான் கிடந்து சாகிறேன் என்று அலுத்துக்கொண்டேன். அப்படி அலுத்துக்கொள்வதில் கொஞ்சம் சுகமும் இருந்தது.

ஒரு மத்தியானம் டிரேயைக் காலால் எத்திவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது. உடனே உள்ளேயிருந்து படபடவென்று தட்டும் சத்தம். திறந்தால், மாவுப் பாக்கெட் அடுக்கும் அக்கா நின்றார். அந்தியூர்ப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஒரு நிமிஷம்கூட உள்ளே அடைபட்டிருக்க மாட்டார். ஆனால் வெளியே வந்ததும் முதல் வேலையாக டிரேயை எடுத்து மறுபடி இடுக்கில் செருகினார்.

"ஏனுங்க அக்கா, உள்ள கைப்பிடி இருக்குதில்லீங்க, தள்ளுனா திறக்குமே?"

"அது வேலை செய்யறதில்லீங்க சார். தை மாசம் ஒருக்கா உள்ளயே மாட்டிக்கிட்டனுங்க. அரை மணி நேரம் கத்துனனுங்க. அதுக்கப்பறந்தான் டிரே வெக்கறமுங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொன்னமுங்க சார். கார்பன் வேலை முடியட்டும், அப்பறம் பாக்கலாம்னீங்க."

சொல்லியிருப்பேன். எனக்கு நினைவில்லை. அதுதான் ரொம்ப அசிங்கமாக இருந்தது.

அன்றைக்கே கைப்பிடியை மாற்றினேன். பத்து நிமிஷ வேலை. நானே உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மூன்று தடவை திறந்து காட்டினேன். "இனிப் பயமில்லீங்க அக்கா, சாத்திக்கிட்டே வேலை பாக்கலாமுங்க" என்றேன். "செரிங்க சார்" என்றார்.

மறுநாள் காலை கதவு சாத்தியிருந்தது. டிரேயைக் காணோம். மாவு அரைக்கும் பெண் ஒருத்தி தன் வேலையை விட்டுவிட்டுக் கதவோரம் நின்றாள், வெளிக் கைப்பிடியில் கை வைத்தபடி.

"அக்கா உள்ள இருக்கறாங்க சார். வார வரைக்கும் நிக்கச் சொன்னாங்க."

மின்சாரச் செலவு குறைந்தது. கணக்கும் போய்ச் சேர்ந்தது, முதலாளிக்குத் திருப்தி. அக்கா உள்ளே போனால் இன்றும் யாராவது ஒருத்தி வெளியே நிற்கிறாள். வேலைக்குப் போ என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.