பாதை போட்டவள்

யூனிசுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். கோடாலியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போய்விடுவாள். 1969 மார்ச்சில் தெற்கே போய்த் தோற்றுத் திரும்பிய வாரம் அவள் பிளந்த விறகு, வடதுருவத்தை ஒட்டிய பீல் ஆற்றங்கரை வீட்டுக்கு மே மாதம் வரை வந்தது. தோற்ற விதம் அப்படி. அதைச் சொல்வதற்கு முன் அவள் வளர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் பிறந்ததே காட்டுக் கூடாரத்தில். அப்பா அமோஸ் குளிர்காலம் முழுக்கப் பொறி வைத்துத் தோலுக்காக மரநாய் பிடிப்பவர். புதுப் பனியில் வண்டி இழுக்கும் நாய்கள் வயிறு வரை புதையும் என்பதால், ஒரு ஆள் பனிச் செருப்போடு முன்னால் போய் மிதித்துப் பாதை போட வேண்டும். முதுகை ஒடிக்கிற வேலை. அதற்கு எங்கள் குவிச்சின் பழங்குடி மக்களிடம் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் களைத்ததும் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக விலகி நிற்பார். அடுத்தவர் முன்னால் போவார். விலகியவர் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்வார். யாரும் கேட்பதில்லை, யாரும் மறுப்பதுமில்லை. பத்து வயதிலேயே யூனிஸ் இந்த வரிசையில் ஒருத்தி.

பன்னிரண்டு வயதில் அரசாங்க ஆட்கள் அவளைக் கொண்டுபோய்ப் பள்ளி விடுதியில் போட்டார்கள். தாய்மொழியில் பேசினால் அடி விழுகிற இடம். அங்கே உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று: ஹால்வர் என்ற நார்வேக்கார வாத்தியார் கொண்டுவந்த பனிச்சறுக்குக் கட்டைகள். கட்டையை மாட்டினால் வேலிக்கு வெளியே போகலாம். அதற்காகவே மாட்டினாள். இரண்டே வருடத்தில் விடுதிப் பையன்கள் யாரும் அவளைப் பிடிக்க முடியாமல் போனது.

பத்தொன்பது வயதில் ஹால்வர் அவளை நாட்டு அணித் தேர்வுக்கு அழைத்துப் போனார். பெண்களுக்கு இரண்டு இடம் காலி. பத்துக் கிலோமீட்டர் ஓட்டம், எல்லாரையும் ஒன்றாக விட்டார்கள். காலையிலிருந்து பனி கொட்டிப் பழைய தடம் மூடிப் போயிருந்தது. யூனிஸ் முதல் ஆளாகப் பனியைக் கிழித்துக்கொண்டு போனாள். நாலாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கியது. அவள் யோசிக்கவே இல்லை. தடத்தை விட்டு ஓரமாக விலகி நின்று, பின்னால் வந்தவளைப் பார்த்து ‘வா’ என்று தலையாட்டினாள்.

வந்தவள் பெயர் வாலெரி, தெற்கத்திச் சாம்பியன். விட்டால் போதும் என்று பறந்தாள். அவள் பின்னால் இன்னும் ஆறு பேர். ஏழு பேரும் தாண்டியதும் யூனிஸ் ஒழுங்காகக் கடைசியில் சேர்ந்துகொண்டு, வாலெரி எப்போது விலகுவாள் என்று காத்திருந்தாள். ஒரு கிலோமீட்டர் போயிற்று. யாரும் விலகவில்லை. மேட்டில் நின்ற ஹால்வர் தொண்டை கிழியக் கத்தினார்.

“அங்க யாருக்காக நிக்கிற? தாண்டிப் போ, யூனிஸ்!”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மீதி ஓட்டத்தில் ஐந்து பேரைத் தாண்டி மூன்றாவதாக வந்தாள். இடம் இரண்டுதான். மறுநாள் ஒரு பத்திரிகைக்காரன் ‘வடக்கிலிருந்து வந்த மரியாதைக்காரி’ என்று தலைப்புப் போட்டுச் சிரித்தான்.

வீட்டில் அக்கா தபிதாவும் சும்மா இருக்கவில்லை.

“வழி விட்டது சரிடி. டீ போட்டுக் குடுத்தியா, இல்ல அதை மறந்துட்டியா?”

யூனிஸ் விறகைப் பிளந்தாள்.

அமோசுக்கு விஷயம் பிடிபடவே மூன்று நாள் ஆயிற்று. “ஏழு பேர்ல ஒருத்திகூடவா மாத்திக்கல?”

“ஒருத்திகூட இல்லப்பா.”

“அப்ப அவங்களோட எங்கயும் போகாத. நடுக்காட்டுல விட்டுட்டு வந்துருவாங்க.”

“போவேன். அடுத்த மார்ச்லயும் போவேன்.”

போவதென்று முடிவாகிவிட்டது. ஆனால் தன் காலை என்ன செய்வது? மூச்சு முட்டினால் அது தானாக ஓரத்துக்குப் போனது. பத்து வயதில் வந்த பழக்கம். அந்தக் குளிர்காலம் முழுக்க, பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி உறைகுளிரிலும், அவள் கட்டையோடு முன்னால் போய்ப் புதுப் பனியில் பாதை போட்டாள். பின்னால் நாய்வண்டியில் தபிதா.

“போதும், செத்துருவ. நான் வரேன் முன்னாடி.”

“வராத.”

“கால் ஓரமாப் போகுது பாரு.”

“அதான் வராதங்கறேன்.”

முதலில் விலகாமல் நாலு கிலோமீட்டர். பொங்கலும் புதுவருடமும் நீங்கள் கொண்டாடுகிற ஜனவரியில் ஏழு. பிப்ரவரி முடியும்போது பத்து. நின்றதும் வாந்தி எடுத்தாள், வாயைப் பனியால் துடைத்துக்கொண்டு உலர்ந்த கரிபு மான்கறியைக் கடித்தாள், மறுநாளும் போனாள். இது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த மார்ச். அதே ஊர், அதே இரண்டு இடம், அதே பாழாய்ப்போன பனி. ஹால்வர் காதருகே வந்து சொன்னார்: “முன்னாடி போகாத. வேற எவளாவது பாதை போடட்டும். கடைசி மேட்டுல தாண்டிக்க.”

“எவளும் போகலன்னா?”

“எவளாவது போவா.”

எவளும் போகவில்லை. எல்லாருக்கும் இதே யோசனையைத்தான் அவரவர் வாத்தியார் சொல்லியிருந்தார். துப்பாக்கி வெடித்ததும் பத்துப் பெண்கள் கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக் கூச்சப்படுகிறவர்கள் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். யூனிசுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. முன்னால் போனாள்.

நாலாவது கிலோமீட்டரில் வலது கால் தடத்தை விட்டு வெளியே ஏறிவிட்டது. இழுத்து உள்ளே வைத்தாள். ஆறாவதில் மறுபடியும். மறுபடியும் இழுத்து வைத்தாள். அதன் பிறகு கால் சொன்னபடி கேட்டது. எட்டாவதில் திரும்பிப் பார்த்தபோது வாலெரியும் இன்னொருத்தியும்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், மற்றவர்களைக் காணோம். கடைசி மேட்டில், அதுவரை பத்திரமாகப் பின்னால் வந்த வாலெரி அவளைத் தாண்டிப் போனாள். இன்னொருத்தியும் பக்கத்தில் வந்தாள். தோளோடு தோள், இருநூறு மீட்டர். யூனிசின் வாயில் ரத்தச் சுவை. கண்ணை மூடிக்கொண்டு கோலை ஊன்றி ஊன்றித் தள்ளினாள்.

ஒரு சாண் வித்தியாசத்தில் இரண்டாவது. அணியில் இடம் அவளுடையது. அடுத்த பதினொரு வருடம் அந்த இடத்தை யாராலும் அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

பனியில் மல்லாந்து கிடந்தவளிடம் அந்தப் பழைய பத்திரிகைக்காரன் நோட்டோடு வந்து குனிந்தான். “வழி முழுக்க நீங்களே பாதை போட்டீங்க. பின்னாடியே வந்திருந்தா நீங்கதானே ஃபர்ஸ்ட்?”

யூனிஸ் எழுந்து உட்கார்ந்து, எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

“இருக்கலாம். ஆனா நான் போகலன்னா அவங்க ஒன்பது பேரும் இன்னும் கிளம்புற கோட்டுலயேதான் நின்னுட்டிருப்பாங்க.”