தண்ணீர் குடிக்காமல் போன நாள்

நெய்வேலியில் தண்ணீர் இறைக்காத நேரமே கிடையாது. மைன்ஸுக்கு அடியில் ஊறிக் கிடக்கும் தண்ணீரை ராவும் பகலும் பம்பு வைத்து வெளியே தள்ள வேண்டும். விட்டால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அந்தப் பம்புகளோடுதான் மைக்கேலுக்குப் பிழைப்பு. கான்ட்ராக்ட்டில் சேர்ந்தவர், பெர்மனென்ட் ஆகும் ஆகும் என்றே தலை நரைத்தவர். அவர் மனைவி ஜெயசெல்வி, குவாட்டர்ஸ் வீடுகளில் சமையல் செய்பவள். அதிர்ந்து பேசத் தெரியாதவள். குழம்பு கொதிக்கும்போதும் அவள் உதடு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள், ஜெனிஷா. மெயின் பஜாரில் துணிக்கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு கண்ணில் மட்டும் நிறம் வெளுத்துப்போனது. சிவப்பை ரோஸ் என்று சொல்ல, வாங்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கண் தெளிந்தது, பிறகு கால் மரத்தது. கடைசியில் சென்னையில் தலையை ஸ்கேன் எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். ஒயருக்கு மேலே இருப்பதுபோல நரம்புக்கு மேலும் ஒரு உறை இருக்கிறதாம். அதை உடம்பே அரித்துவிடுகிறதாம். ஏன் என்று கேட்டால் டாக்டருக்கே சரியாகத் தெரியவில்லை. வெயில் ஏறினால் அவளுக்குக் கால் தள்ளாடும். நெய்வேலியில் வெயில் ஏறாத நாள் எது?

அந்தச் சமயத்தில்தான் ஒரு பேச்சு கிளம்பியது. தலையிலிருந்து ரத்தம் இறங்கி வரும் கழுத்துக் குழாய் சுருங்கியிருப்பதால்தான் இந்த வியாதி வருகிறது, அதை விரித்துவிட்டால் குணமாகும் என்று வெளிநாட்டு டாக்டர் ஒருவர் சொல்கிறாராம். ஜெனிஷா போனில் படித்துச் சொன்னாள். படுத்திருந்த மைக்கேல் எழுந்து உட்கார்ந்தார்.

“அட, நம்ம லைன்ல அடைப்பு வர்ற மாதிரிதானே இது? வெளிய போற வழி அடச்சிகினா தண்ணி பின்னால எதுத்துகினு நிக்கும். அடைப்ப எடுத்துட்டா எல்லாம் ஓடிடும்.”

வியாதி வந்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் புரிந்த முதல் பேச்சு அது. அன்றைக்கு ஜெயசெல்வி வயிறாரச் சாப்பிட்டாள்.

புதுச்சேரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், இது மெய்தானா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். நோய் உள்ளவர் கழுத்தையும் இல்லாதவர் கழுத்தையும் பார்த்து ஒப்பிடுவார்களாம். ஜெனிஷாவோடு, நோய் இல்லாதவர் கணக்கில் ஜெயசெல்வியும் பெயர் கொடுத்தாள். போனில் பேசிய டாக்டர் பார்வதி, இது வைத்தியம் இல்லை, பரிசோதனை மட்டும்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நன்றாகச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்.

அது ஜெயசெல்வி காதில் விழாமல் இல்லை. ஆனால் பெரிய காரியத்துக்குப் போகும்போது தொண்டை நனையாமல் உபவாசம் இருப்பது அவர்கள் ஜெபக் கூட்டத்துப் பெண்களின் வழக்கம். வரன் பார்க்கப் போனாலும், பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் அப்படித்தான். களைப்பு வராமலிருக்கத்தான் டாக்டரம்மா தண்ணீர் குடிக்கச் சொல்கிறார், களைப்பைத் தாங்கக் கர்த்தர் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள். முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டாள். அம்மா குடிக்காததைப் பார்த்து ஜெனிஷாவும் குடிக்கவில்லை. பஸ்ஸில் பாத்ரூம் தேட வேண்டாம், அதுவும் ஒரு ஆசீர்வாதம்தான் என்று சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் இருவரையும் படுக்க வைத்துக் கழுத்துவரை போர்த்தினார்கள். கழுத்தை ஸ்கேனில் படம் எடுப்பவருக்கு யார் நோயாளி என்று தெரியக் கூடாதாம்; தெரிந்தால் பார்க்கிற கண் ஒரு பக்கம் சாயுமாம். அதனால் பேசக் கூடாது. ஜெனிஷாவின் ஊன்றுகோலைக்கூட வெளியே எடுத்துப் போய்விட்டார்கள். ஜெயசெல்வி கண்ணை மூடிக்கொண்டு, என் பிள்ளைக்குக் குழாய் சுருங்கியிருக்கட்டும் ஆண்டவரே என்று வேண்டினாள். பெற்ற பிள்ளைக்குக் குறை இருக்கட்டும் என்று வேண்டுவது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. ஆனாலும் வேண்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் பார்வதி குழப்பமான முகத்தோடு வந்தார். இருவருக்குமே குழாய் சுருங்கித் தெரிகிறது என்றார். தன்னுடையது ஜெயசெல்வி காதில் ஏறவேயில்லை. மகளுக்குச் சுருங்கியிருக்கிறது. ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராமல் கண் நிறைந்தது.

“காலைலேருந்து தண்ணி குடிச்சீங்களாம்மா?” என்று கேட்டார் பார்வதி.

குடித்தோம் என்று ஒரு சொல். அது நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. மகளைப் பார்த்தாள். ஜெனிஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எதைச் சொன்னாலும் தானும் அதையே சொல்கிற முகம்.

“இல்லீங்க மேடம். நேத்து சாயங்காலத்துலேருந்து உபவாசம்.”

பார்வதி கோபப்படவில்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தால் யாருக்குமே கழுத்துக் குழாய் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவரச் செய்தார். ஜெயசெல்வி மனசில்லாமல் விழுங்கினாள். மகள் குடிப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு மடக்குக்கும் உள்ளே குழாய் திறக்கத் திறக்க, வெளியே வழி மூடிக்கொண்டு வருகிறது என்று தோன்றியது.

மறுபடி படம் எடுத்தார்கள். ஜெனிஷாவுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இருந்தது. ஜெயசெல்விக்குத்தான் இடது பக்கம் அப்போதும் சுருக்கம். வியாதி இல்லாத எத்தனையோ பேருக்கு இப்படி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் பார்வதி.

“எனக்கு இருக்கறது இவளுக்கு இருந்திருக்கக் கூடாதா மேடம்?”

பார்வதி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இருந்திருந்தாலும், அதை விரிச்சா குணமாயிடும்னு என்னால சொல்ல முடியாதும்மா. எங்களுக்கே இன்னும் தெரியலை.”

பஸ் வடலூர் தாண்டி நெய்வேலி வந்து சேர்ந்தது. ஸ்டாப்பில் மைக்கேல் ஷிப்ட் முடிந்த சட்டையோடு நின்றிருந்தார். அவர்கள் பஸ் படியருகே வந்ததுமே, எங்கே அடைப்பு என்று கேட்டார்.

“அடைப்பே இல்லீங்க. நல்லா ஓடுதாம்” என்றாள் ஜெயசெல்வி.

நல்ல செய்தி கேட்டவர்போல அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது. “அப்போ எதக் கழட்டிப் பாக்கறது, செல்வி?”

“மொதல்ல என்னைக் கழட்டி எறக்குங்கப்பா, கண்டக்டர் மொறைக்கிறார்” என்றாள் ஜெனிஷா. அவர் இரண்டு கைகளாலும் அவளைத் தூக்கி இறக்கினார்.

வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் யார் யாருக்கு என்ன வேண்டுதல் என்று வழக்கம்போலக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். இத்தனை வாரமும் ஜெயசெல்வி, கழுத்துக் குழாயில் அடைப்பு இருக்க வேண்டும், அது திறக்க வேண்டும் என்று சொல்லிவந்தாள். இன்றைக்கு அவள் முறை வந்ததும் வாயைத் திறந்தாள். எதைக் கேட்பதென்று தெரியவில்லை. ஜெபம் நடத்துகிற அக்கா பக்கம் திரும்பினாள்.

“ஜெபத்துல பேரை மட்டும் சொல்லுங்கக்கா” என்றாள் கடைசியில். “ஜெனிஷான்னு மட்டும்.”