வராதவர்களின் புள்ளி

என் அப்பா வீரையா, ஹந்தானைச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முப்பத்து மூன்று வருடம் படிப்பித்தார். கடைசி ஐந்து வருடம் அதிபரும் அவரே. ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது இறந்தார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அதே பாடசாலையில் படித்து, அதற்கே ஆசிரியராகத் திரும்பியவர். சனிக்கிழமைகளில் லயம் லயமாகப் போவார். அந்த வாரம் பாடசாலைக்கு வராத பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால், அங்கேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். "எனக்கு அவசரமில்ல. குடிச்சு முடிக்குறதுக்குள்ள வந்தா சரி" என்பார். அநேகமாக வந்துவிடுவார்கள்.

போன வருடம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் தரப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணிதமும் சேர்த்து ஒரு பொதுச் சோதனை. சராசரி நாற்பதுக்குக் கீழே போனால், சிறிய பாடசாலைகளை நகரத்துப் பாடசாலையோடு சேர்ப்பார்கள். நகரம் ஆறு கிலோமீற்றர். அந்தப் பாதையில் பஸ் இல்லை. சேர்ப்பது என்றால் பாதிப் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

மூன்றாம் தரத்தில் பதினெட்டுப் பேர். அப்பா மாதிரிச் சோதனை வைத்து, புள்ளிகளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். நான் பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். புள்ளிகளைக் கணினியில் போட்டேன்; சராசரி முப்பத்தெட்டு தசம் மூன்று. மூன்று பிள்ளைகள் பதினைந்தைத் தாண்டவில்லை. அந்த மூன்று கட்டங்களையும் வெறுமையாக்கிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று தசம் ஆறு. அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அந்த மூணு பேரும் அன்னைக்கு வராட்டி தப்பிச்சிரலாம்பா."

"வராத புள்ளைய எப்படிக் கணக்கெடுப்பாங்க?"

"எடுக்க மாட்டாங்க. அளக்காதது சராசரிக்குள்ள வராது."

"நீ படிச்ச புள்ள. சரியாத்தான் இருக்கும்" என்றார்.

எங்கள் தொழிற்சாலையில் அது சரி.

அந்தச் சனிக்கிழமை அப்பா மூன்று வீடுகளுக்குப் போனார். மூன்றாவது கஜனியின் வீடு. அங்கே நடந்ததை அவளுடைய அம்மா டிலானி பிறகு எனக்குச் சொன்னாள்.

"வருஷம் பூரா வா வான்னு உயிர வாங்குனீங்க. இப்ப வராதங்கிறீங்க. சேருக்குக் காய்ச்சல் கீய்ச்சலா?"

"செவ்வாக்கிழமை மட்டும்மா."

"அவ கேக்க மாட்டா, சேர். எல்லாம் நீங்க குடுத்த பழக்கம்."

கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கஜனி துவைத்த சீருடையில், பென்சிலோடு வந்தாள். அப்பா வாசலில் மறித்தார்.

"இன்னைக்கு வேணாம் தாயி. நாளைக்கு வா."

"நாளைக்குச் சோதன முடிஞ்சிருமே, சேர்?"

பாடசாலை விடும்வரை அவள் பாதை வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

முடிவு முப்பத்தேழரை. எழுதிய பதினைந்து பேரின் மொத்தத்தைப் பதினெட்டால் பிரித்திருந்தார்கள். வராதவர்களுக்கு சைபர். மூவரும் எழுதி, ஆளுக்குப் பதினைந்து எடுத்திருந்தால் நாற்பது வந்திருக்கும். அதை நான் கண்டுபிடித்துச் சொல்லும்போது, அப்பா ஏற்கெனவே கடித உறையின் பின்பக்கத்தில் போட்டு முடித்திருந்தார்.

மறுநாள் மிஞ்சிய வினாத்தாள்களில் மூவரையும் எழுத வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து நேரம் பார்த்தார். ஒருவருக்குப் பதினைந்து, ஒருவருக்குப் பத்தொன்பது. கஜனிக்கு இருபத்து மூன்று.

அந்தத் தாள்களோடு வலய அலுவலகம் போனார். நான் லீவு போட்டுக் கூடப் போனேன். அங்கே முனாப் என்ற அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார்.

"வராத புள்ளைக்கு சைபர் போடச் சொல்லித்தான் மேலருந்து வந்தீக்கி, சேர். நான் என்ன செய்ய?"

"ஒருத்தி வந்தா. நான்தான் திருப்பி அனுப்புனேன். எழுதித் தாரேன். என் மேல நடவடிக்கை எடுங்க. தாள மட்டும் சேத்துக்குங்க."

முனாப் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அத எழுதிடாதீங்க. பென்ஷன் போயிரும்."

"போகட்டும்."

"போனாலும் ஸ்கூல் கிடைக்காது, சேர்."

திரும்பும்போது, நகரம்வரை வந்த பஸ்ஸில் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நீதானே சொன்ன" என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜனவரியில் பாடசாலையைப் பூட்டினார்கள். அப்பாவுக்கு நகரத்துக்கு மாற்றம். காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே இறங்குவார். முதல் வாரம் இருபத்தாறு பேர். மூன்றாம் வாரம் ஒன்பது. கஜனி ஒருநாளும் வரவில்லை. பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அவள் லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் அப்பா விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் முடிந்துவிட்டது.

மரண வீட்டுக்கு லயமே வந்தது. கஜனி அந்தப் பழைய சீருடையில் வாசல் படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். அசையவில்லை.

"இன்னைக்கு வரலாமா, அக்கா?"

கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன்.

நேற்று சனிக்கிழமை. அந்த லயத்துக்குப் போய், வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கட்டிலுக்கு அடியில் ஒரு கால் தெரிந்தது. டிலானி தேத்தண்ணி தந்தாள். மெதுவாகக் குடித்தேன். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் குடித்தேன்.

அவள் வரவில்லை.