வாசலைப் பார்த்த செருப்புகள்

மசூதுக்குத் தொழில் குற்றாலத்தில், மெயின் அருவிக்குக் கீழே, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது. வியாழன் சாயந்தரம் மட்டும் சீசன் கூட்டத்தையும் உதறிவிட்டுத் தென்காசிக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே சூபிகள் கூடுகிற தைக்காவில், குருவான ஹஜரத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லித் திக்ரு செய்வார்கள். முடிந்து மற்றவர்கள் எழுவதற்குள் மசூது நழுவி வெளியே போய், உள்ளே பார்த்துக் கிடக்கிற செருப்புகளை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார். வருகிறவர் அப்படியே கால் நுழைத்துக்கொண்டு போகலாம். யார் வைத்தது என்று தெரியக் கூடாது; அதுதான் கித்மத், பணிவிடை. தைக்காவிலேயே தாழ்ந்த இடம் தன்னுடையது என்று மசூதுக்கு உள்ளூர ஒரு மிதப்பு.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அதில் மண் விழுந்தது. ஏட்டு இசக்கிப்பாண்டியின் மகளுக்கு விடாத காய்ச்சல். ஹஜரத் ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீரில் இறங்கிற்று. அதிலிருந்து அவரும் வியாழன்தோறும் வந்தார். ஓதத் தெரியாது என்று நடையிலேயே உட்கார்ந்துகொள்வார். சும்மா இருக்கிற கை எத்தனை நேரம் சும்மா இருக்கும்? ஒரு வியாழன் மசூது நழுவி வெளியே வந்தபோது செருப்புகள் எல்லாம் திரும்பியிருந்தன. சேறு வேறு துடைத்து, அணிவகுப்பு மாதிரி.

"ஏட்டையா, இதெல்லாம் நீங்க செய்யலாமா?" மசூது பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஸ்டேஷன்ல அவனவன் நம்ம பூட்சைப் பாத்து நடுங்குதான் பாய். இங்கன குனிஞ்சா முதுகு லேசாயிருக்கு."

அந்தப் பதில்தான் இன்னும் எரிந்தது. இத்தனை வருஷம் குனிந்தும் தனக்கு அப்படி ஒரு வார்த்தை வாய்க்கவில்லையே. அப்புறம் திக்ரில் நாக்கு 'அல்லாஹ்' என்னும்; காது நடையில் தோல் உரசுகிற சத்தத்திலேயே கிடக்கும். அதோ ஒரு ஜோடி. அதோ இன்னொன்று.

வீட்டில் மனைவி அலிமா சிரித்தாள். "ஊர்ல எல்லாரும் நாற்காலிக்கு அடிச்சுக்கிடுதாவ. நீங்க செருப்புக்கா?"

"ஒனக்கென்னட்டி தெரியும்?"

நம் செருப்பைத் தொட்டு அவன் நன்மை சம்பாதிக்க வேண்டாம் என்று அடுத்த வியாழன் மசூது வெறுங்காலோடு கிளம்பிவிட்டார். சாரல் நனைத்த ரோட்டில் ஜல்லி குத்தியது. குத்தக் குத்த ஒரு சந்தோஷம்.

இசக்கிப்பாண்டி அவர் காலையே பார்த்தார். "என்ன பாய், அருவிக்கரையில எவனும் தூக்கிட்டுப் போயிட்டானா?"

"ஆமா" என்றுவிட்டார் மசூது. பொறாமையோடு பொய்யும் சேர்ந்தது.

திக்ரு முடிந்தது. செருப்புகள் சொந்தக்காரர்களோடு போய், கடைசியில் ஒரு ஜோடி மட்டும் வாசலைப் பார்த்துக் கிடந்தது. தடித்த வார் வைத்த ஏட்டுச் செருப்பு. ஆளைக் காணோம். தெருமுனையில் சைக்கிள் மிதித்துப் போகிற முதுகு தெரிந்தது, பெடலில் வெறுங்கால்.

"ஏட்டையா!"

திரும்பவில்லை.

மசூது கால் நுழைத்தார். அளவெடுத்த மாதிரி இருந்தது. ஒரு விரற்கடையாவது பெரிசாக இருந்திருக்கக் கூடாதா! "இதுலயும் முந்திட்டானே பாவி" என்று முனகிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அடுத்த வியாழன் அவனுக்கு முன்னாடியே வந்து, இதைத் துடைத்து, எவர் கண்ணிலும் படாமல் வைத்துவிட வேண்டும். நாலு மணிக்கே வந்துவிடலாம்.

அவன் மூணு மணிக்கு வந்துவிட்டால்?