கணக்கு மார்க்கின் மேல் சிவப்பு

மார்ச்சில் கணக்கில் மட்டும் கோட்டைவிட்ட என் மகள், அதை மறுபடி எழுதியிருந்தாள். இரண்டு பரீட்சை மார்க்குகளையும் ஒரே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பதிந்து கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் திருச்சியில் காலேஜ். புத்தகம் வந்த அன்று, நான் ஆபீஸிலிருந்து ஸ்ரீரங்கம் திரும்புவதற்குள் என் மனைவி அதைத் தாயார் சன்னதிக்குக் கொண்டுபோய் வந்து ஊஞ்சலில் வைத்திருந்தாள்.

ஆவலாகத் திறந்தேன். புதுக் கணக்கு மார்க்கின் மேல் சிவப்பு! தேறாதவர்களுக்குத்தான் சிவப்பு மை. அப்படியே ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டேன்.

“மறுபடியும் போச்சாடி?”

மகள் எட்டிப் பார்த்து ஒரு ஊது ஊதினாள். சிவப்பு பறந்தது.

“அப்பா, அது அம்மா வச்ச பிரசாதக் குங்குமம். நான் பாஸ்!”

சிரித்தேன். ஆனாலும் மறுநாள் காலேஜுக்குப் புறப்படுமுன் இன்னொரு தடவை ஊதிப் பார்த்துக்கொண்டேன்.