பாட்டிலை மாற்றியது நான்தான் என்றார்கள்

வில்லியனூரைத் தாண்டியதும் சாலையோரம் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு ஆராய்ச்சி நிறுவனம் வரும். உயிர்களை எண்களாக்கிப் புரிந்துகொள்வது அங்கே வேலை. உயிரியல் படித்தவர், இயற்பியல் படித்தவர், கணக்குப் படித்தவர், கம்ப்யூட்டர் படித்தவர் எல்லோரும் தடுப்பில்லாத ஒரே கூடத்தில் உட்காருவார்கள். தடுப்பு இருந்தால் அறிவு கலக்காதாம். வருகிற விருந்தாளிகள் எல்லோரிடமும் இதைச் சொல்வார்கள். அந்தக் கூடத்தில் எனக்கு நாற்காலி கிடையாது. நான் கள உதவியாளர். பாட்டில் கழுவும் அறை வாசலில் எனக்கு ஒரு ஸ்டூல்.

நானும் பி.எஸ்சி. தாவரவியல்தான். அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

என் வேலை இதுதான். ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, கரிக்கலாம்பாக்கம் வழியாகச் செலியமேட்டில் ஒரு நெல் வயலுக்குப் போக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீர், மாலை நாலு மணிக்கு ஒரு பாட்டில். அந்தத் தண்ணீரில் எவ்வளவு பாசி, எவ்வளவு கிருமி என்று இயந்திரம் எண்ணும். அந்த எண்ணை வைத்துக் கணக்குக்காரர் வளைவு வரைவார். தண்ணீர் எடுக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் வரைபடத்தில் புள்ளி வைத்துத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். அந்தப் புள்ளி போர்வெல் தண்ணீர் வயலுக்குள் விழும் மடையிலிருந்து பத்தடியில் இருந்தது. "மடைக்குப் பக்கத்துல வேணாம் சார், கொஞ்சம் உள்ள தள்ளி எடுக்கலாம்" என்று முதல் வாரமே சொன்னேன்.

"புள்ளிய மாத்த முடியாதும்மா. மாத்தினா ரேண்டம் ஆகாது" என்றார்.

சரி என்று எடுத்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் என் தாளில் குறிப்பு என்ற கட்டத்தில் "மோட்டார் ஓடுது" என்று எழுதுவேன். தாளில் இருந்ததை ஒருவர் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். கம்ப்யூட்டரில் குறிப்புக் கட்டமே கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எழுத்து சமன்பாட்டுக்குள் போகாது என்று கணக்குக்காரர் அதை எடுத்துவிட்டிருக்கிறார்.

ஒரு மாதம் ஓடியது. வளைவு அழகாக வந்தது. காலையில் பாசி குறைவு, மாலையில் அதிகம், நாள் தவறாமல். கூடத்தில் கேக் வெட்டினார்கள். பாசிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறதாம், அதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். எனக்கும் ஒரு துண்டு வந்தது, ஸ்டூலுக்கு.

அடுத்த வாரம் வளைவு தலைகீழானது. காலையில் அதிகம், மாலையில் குறைவு. மூன்று வாரம் அப்படியே.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு எல்லோரையும் கூப்பிடுவார்கள். நாம் எல்லோரும் ஒரே அணி என்று பெரிய மேடம் சொல்வார். குழுவின் தலைவர் அவர். விஞ்ஞானிகள் நாற்காலியில் இருப்பார்கள். பாட்டில் கழுவும் அக்கா, கூட்டுபவர், வாட்ச்மேன், நான் எல்லோரும் பின்னால் நிற்போம். அன்று திரையில் இரண்டு வளைவுகளையும் போட்டுவிட்டுக் கணக்குக்காரர் சொன்னார்.

"இது பாசி பண்ணின மாற்றம் இல்ல. காலை பாட்டிலும் மாலை பாட்டிலும் மாறிப்போயிருக்கு. இல்லேன்னா ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்துட்டு லேபிள் மட்டும் ஒட்டியிருக்காங்க."

என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"நான் மாத்தல சார். மோட்டார் டைம் மாறிடுச்சு, தாள்ல எழுதியிருக்கேன், பாருங்க" என்றேன்.

"அப்புறம் பேசலாம்மா" என்றார் மேடம். அடுத்த படம் வந்தது.

கூட்டம் முடிந்ததும் அலுவலக அறையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. கவனக்குறைவால் பாட்டில்களை மாற்றிவிட்டேன், வருந்துகிறேன் என்று டைப் செய்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் நடவடிக்கை இல்லை, மூன்று வார எண்களைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலை தொடரும். போடாவிட்டால் மாதக் கடைசியில் முடிகிற என் ஒப்பந்தம் நீளாது. வெள்ளிக்கிழமை வரை யோசிக்கச் சொன்னார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பாட்டில் கழுவும் அக்காவுக்கு எங்கள் தெருவில் உறவு. நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. அம்மா நூறுநாள் வேலைக்குப் போய்விட்டு வந்து வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலேயே கேட்டாள்.

"இன்னாடி, தண்ணியையே மாத்தி வெச்சுட்டியாமே? வெயிலுக்குப் பயந்துகினு வூட்டுக் கொயாத் தண்ணியப் புடிச்சியா? நெசத்தச் சொல்லு."

பெற்றவள் கேட்கிறாள். கணக்குக்காரர் சொன்னபோது வந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். எங்கள் ஊர் பாகூரில் தண்ணீர்ப் பாட்டிலில் ஏமாற்றியவள் என்ற பெயரோடு எங்கே போவது?

மறுநாள் காலை நேராகக் கூடத்துக்குள் போய்க் கணக்குக்காரர் மேசை முன் நின்றேன். "வாங்க சார், வயலுக்கு" என்றேன். இந்த இரண்டு மாதத்தில் அவர் அந்த வயலைப் பார்த்ததே இல்லை. மீட்டிங் இருக்கிறது என்றார். "எனக்கு வெள்ளிக்கிழமை வேலை போகுது சார். உங்க மீட்டிங் நாளைக்கும் இருக்கும்" என்றேன். பக்கத்து மேசை இயற்பியல்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகத்தான் கணக்குக்காரர் எழுந்தார் என்று நினைக்கிறேன்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார். வரப்பில் ஷூவைக் கழற்றச் சொன்னேன், மாட்டேன் என்றார். இரண்டாவது அடியில் ஒரு ஷூ சேற்றோடு நின்றுவிட்டது. நிலத்துக்காரர் மோட்டார் கொட்டகையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, இன்னிக்கி ஆள இட்டுகினு வந்துட்ட?"

"மோட்டார் எப்பப் போடுவீங்கன்னு இவருக்குச் சொல்லுங்கண்ணே."

"என்னக் கேட்டா? கரண்ட்காரன் மூணு பேஸ் எப்ப வுடுறானோ அப்பப் போடுவேன். மொதல்ல காலைல வுட்டான். மூணு வாரமா மதியத்துக்கு மேல மாத்திட்டான். இன்னாத்துக்குக் கேக்குற?"

கணக்குக்காரர் மடையைப் பார்த்தார், பத்தடி தள்ளி நான் நட்டுவைத்திருந்த குச்சியைப் பார்த்தார். நிலத்தடியிலிருந்து புதுத் தண்ணீர் வந்து விழுந்தால் அங்கே பாசி எப்படி நிற்கும்? காலையில் மோட்டார் ஓடினால் காலைப் பாட்டில் தெளிவு, மாலையில் ஓடினால் மாலைப் பாட்டில் தெளிவு. அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் மெல்லச் சொன்னார்.

"பாசிக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் இருக்குன்னு நினைச்சோம்."

"பாசிக்குக் கடியாரமா? எனக்கே இல்லபா!" என்று நிலத்துக்காரர் வெறும் மணிக்கட்டைக் காட்டினார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

திரும்பியதும் கணக்குக்காரர் நேராக மேடம் அறைக்குள் போனார். கடிதம் அலுவலக மேசையிலிருந்து காணாமல் போனது. ஒப்பந்தம் ஒரு வருடம் நீண்டது. மன்னிப்பு மட்டும் வரவில்லை. மேடத்திடம் போய் நின்றேன்.

"அதான் சரியாயிடுச்சேம்மா. விட்டுடலாம், மேல போகலாம்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை, திரையில் புது வளைவு. மின்சார நேரத்தின் தாக்கம் என்று தலைப்பு. கணக்குக்காரர் அதை ஏதோ தானே தோண்டி எடுத்ததுபோல் விளக்கினார். முடித்ததும் கேள்வி உண்டா என்றார் மேடம். பின்வரிசையிலிருந்து நான் கையைத் தூக்கினேன். அங்கிருந்து யாரும் கையைத் தூக்கியதில்லை.

"போன வாரம் இதே எடத்துல நான் பாட்டில மாத்தினேன்னு சொன்னீங்க. மாத்தலன்னு இதே எடத்துல சொல்லுங்க."

கணக்குக்காரர் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். முன்வரிசையில் தலையாட்டினார்கள்.

"தமிழ்ல சொல்லுங்க சார். அக்காவுக்குக் கேக்கணும்."

பாட்டில் கழுவும் அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவர் காது சிவந்துவிட்டது.

"அவங்க பாட்டில மாத்தல. நான்தான் அவங்க எழுதின குறிப்பப் படிக்கல."

சத்தமாகவே சொன்னார். நான் நன்றி சொல்லவில்லை. நாலு மணிப் பாட்டிலுக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே வந்துவிட்டேன். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவதற்குள் இந்தச் செய்தியும் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா சோற்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். நெசத்தச் சொல்லு என்று கேட்டவளோடு அன்று நான் பேசவில்லை.